ஜூஹு கடற்கரை வளர்ந்த கதை

(தாராவியில் ஒரு மாலை வகுப்பில் பேசியது)



போன வாரம் வகுப்பு முடிந்ததும் ஒரு அக்கா என்னோடு பேசிக்கொண்டிருந்தார். அவர் ஜூஹுவில் வீட்டு வேலை செய்கிறார். பதினோரு வருஷமாகச் செய்கிறார். காலையில் மாஹிம் ஸ்டேஷனில் ரயில் ஏறுகிறார். சாந்தாகுருஸில் இறங்குகிறார். அங்கே பஸ் பிடிக்கிறார். மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறார். பிற்பகலில் வீடு திரும்புகிறார்.

"கடலில் கால் நனைப்பீர்களா அக்கா?" என்று கேட்டேன்.

"இல்லை சார். ஒரு தடவைகூட இல்லை. ரோட்டிலிருந்து பார்த்தால் ஓட்டல் சுவர்தான் தெரியுது. அந்தப் பக்கம் ஓட்டல்காரங்க கடல். நம்மளை உள்ளே விடுவாங்களா?" என்றார்.

ஓட்டல்காரர்கள் கடல்! அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இன்று ஜூஹுவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அந்த ஊர் எப்படி உண்டானது? அங்கே பங்களாக்களும் ஓட்டல்களும் எப்படி வந்தன? கடல் யாருடையது? கேளுங்கள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஜூஹுவும் நம் தாராவியும் ஒரு காலத்தில் ஒரே மாதிரி ஊர்கள். இரண்டும் தண்ணீரை ஒட்டிய ஊர்கள். இரண்டிலும் கோலி மக்கள் மீன் பிடித்தார்கள். தாராவி கோலிவாடா இன்றும் இருக்கிறது. நீங்கள் தினமும் அந்தப் பக்கம் போகிறீர்கள். நம் முன்னோர் வருவதற்கு முன்பே அவர்கள் அங்கே இருந்தார்கள். மாஹிம் கழிமுகத்தில் அவர்கள் வலை போட்டார்கள். ஜூஹுவிலும் ஒரு கோலிவாடா உண்டு. அதுவும் பங்களாக்களுக்கு முன்பே இருந்த ஊர்.

பழைய ஜூஹு ஒரு மணல் திட்டு. நீளமாக, ஒடுக்கமாக இருந்த ஒரு சின்னத் தீவு. அதற்கும் பெரிய நிலத்துக்கும் நடுவே ஒரு கழி ஓடியது. கடல் ஏறினால் கழியில் தண்ணீர் நிறையும். கடல் இறங்கினால் நடந்தே கடக்கலாம். போர்த்துகீசியர் ஆண்ட காலத்தில் அந்தத் தீவை 'ஜுவேம்' என்றார்கள். அங்கே மீன் பிடித்த கோலிகள் இருந்தார்கள். மரமேறிக் கள் இறக்கிய பண்டாரிகள் இருந்தார்கள். உப்பு வேலை செய்த ஆக்ரிகள் இருந்தார்கள். பயிர் செய்த குன்பிகளும் இருந்தார்கள்.

கடல் ஏறுவது, இறங்குவது என்று சொன்னேன் அல்லவா? இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

என் அப்பா திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர். கடல் பார்த்து வளர்ந்தவர். பம்பாய் வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை ஜூஹுவுக்குக் கூட்டிப்போனார். மத்தியானம் நல்ல இடம் பார்த்துத் துண்டை விரித்தோம். பேசிக்கொண்டே இருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து பார்த்தார். "டேய், கடல் எங்கடா போச்சு?" என்று எழுந்து நின்றுவிட்டார். எங்கள் முன்னால் வெறும் ஈர மணல். அலை வெகு தூரத்தில் இருந்தது.

நம் ஊர்க் கடலும் ஏறி இறங்கத்தான் செய்கிறது. ஆனால் அங்கே கொஞ்சம்தான். பம்பாயில் ரொம்ப அதிகம். சில நாட்களில் இரண்டு ஆள் உயரத்துக்கும் மேல் தண்ணீர் ஏறி இறங்கும். ஒரு நாளில் இரண்டு தடவை ஏறும், இரண்டு தடவை இறங்கும். நிலாவும் சூரியனும் தண்ணீரை இழுப்பதால் இது நடக்கிறது. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இரண்டும் சேர்ந்து இழுக்கின்றன. அந்த நாட்களை ஒட்டி ஏற்றம் அதிகமாக இருக்கும். மராத்தியில் ஏற்றத்தை 'பர்தி' என்பார்கள். இறக்கத்தை 'ஓஹோட்டி' என்பார்கள். இந்த இரண்டு வார்த்தைகளையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலைக்கு ஆகும்.

சரி, ஜூஹுவுக்குத் திரும்புவோம்.

ஒரு ஊர் வளர வேண்டுமானால் முதலில் வழி வேண்டும். அந்தக் காலத்தில் மாஹிமுக்கும் பாந்த்ராவுக்கும் நடுவே பாலம் கிடையாது. படகில்தான் போக வேண்டும். படகு கவிழ்ந்து பலர் இறந்தார்கள். 1840-களில் அங்கே ஒரு பாதை போட்டார்கள். அதுதான் நாம் இன்றும் போகிற மாஹிம் காஸ்வே. அதற்குப் பணம் கொடுத்தவர் ஒரு பெண். பார்சிச் செல்வர் ஜாம்செட்ஜி ஜீஜீபாயின் மனைவி ஆவாபாய். ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் கொடுத்தார். அந்தக் காலத்து ஒன்றரை லட்சம்! கொடுக்கும்போது ஒரு நிபந்தனை போட்டார். இந்தப் பாதையில் போகிறவர்களிடம் சுங்கம் வாங்கக் கூடாது. ஏழையும் காசில்லாமல் நடக்க வேண்டும். மாஹிமில் லேடி ஜாம்செட்ஜி ரோடு என்று ஒன்று இருக்கிறதே, அது அவர் பெயர்தான். இனி அந்தப் பலகையைப் பார்த்தால் சும்மா கடந்து போகாதீர்கள்.

பிறகு ரயில் வந்தது. 1867-லேயே விராரிலிருந்து பம்பாய்க்கு ரயில் ஓடியது. பாந்த்ராவும் அந்தேரியும் நகரத்துக்குப் பக்கம் வந்துவிட்டன. ஜூஹு மட்டும் கழிக்கு அந்தப் பக்கம் ஒதுங்கிக் கிடந்தது.

அந்த ஒதுங்கிய மணலைப் பார்த்து ஒருவர் பெரிய கனவு கண்டார். அவர் ஜாம்செட்ஜி டாடா. நாகபுரியில் மில் நடத்தியவர். கொலாபாவில் 1903-ல் தாஜ் மஹால் ஓட்டலைத் திறந்தவர். 1890-களிலேயே அவர் ஜூஹுவில் நிலம் வாங்கினார். ஒரு பங்களாவும் கட்டினார். அதோடு நிற்கவில்லை. ஜூஹு தாராவில் 1,200 ஏக்கர் நிலத்தைச் சீர்படுத்தத் திட்டம் போட்டார். ஒரு ஏக்கர் ஒரு மனையாக 500 மனைகள். கடற்கரையில் ஓய்வெடுக்க ஒரு உல்லாச ஊர். மாஹிம் பாதையைச் சாந்தாகுருஸ் வரை நீட்ட வேண்டும் என்றும் நினைத்தார்.

ஒரு ஏக்கரில் ஒரு வீடு! நாம் இங்கே எத்தனை பேர் எத்தனை அடியில் இருக்கிறோம் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

1904-ல் ஜாம்செட்ஜி இறந்தார். திட்டம் நின்றுவிட்டது. ஆனால் எண்ணம் நிற்கவில்லை. தென் பம்பாயில் இருந்த பணக்காரர்கள் ஜூஹுவில் குடிசை மாதிரி சின்ன வீடுகள் கட்டினார்கள். சனிக்கிழமை வருவார்கள். காற்று வாங்குவார்கள். திங்கட்கிழமை போய்விடுவார்கள். 1928-ல் கொலாபாவிலிருந்து போரிவலி வரை மின்சார ரயில் ஓடியது. வருவது இன்னும் சுலபம் ஆனது. கழியும் கொஞ்சம் கொஞ்சமாக மேடானது. தீவு நிலத்தோடு ஒட்டிக்கொண்டது.

அதே 1928-ல் ஜூஹுவில் ஒரு விமானத்தளம் வந்தது. பயணிகளுக்கும் தபாலுக்குமான விமானங்கள் இறங்க நம் நாட்டில் முதலில் வந்த தளம் இதுதான்.

1932 அக்டோபர் 15-ஆம் தேதி. கராச்சியிலிருந்து ஒரு சின்ன விமானம் புறப்பட்டது. ஓட்டியவர் ஜே.ஆர்.டி. டாடா. ஜாம்செட்ஜியின் உறவுக்காரப் பிள்ளை. விமானத்தில் ஆட்கள் இல்லை. கடிதங்கள்தான் இருந்தன. எடை சுமார் 25 கிலோ. வழியில் அகமதாபாத்தில் இறங்கினார். அங்கே விமானத்துக்கான பெட்ரோல் மாட்டு வண்டியில் வந்தது! அதை ஊற்றிக்கொண்டு ஜூஹு வந்து சேர்ந்தார். ஜூஹுவிலிருந்து நெவில் வின்சென்ட் என்ற விமானி கடிதங்களை எடுத்துக்கொண்டார். பெல்லாரி வழியாக எங்கே போனார் தெரியுமா? நம் மதராசுக்கு.

பம்பாய்க்கும் மதராசுக்கும் நடுவே கடிதம் முதலில் பறந்த இடம் அதுதான். இதைப் படித்தபோது எனக்கு நம் தாராவி நினைவுதான் வந்தது. ஊரிலிருந்து கடிதம் வரும். பிரித்துப் படிக்க ஆள் தேட வேண்டும். வீட்டு ரகசியமெல்லாம் பக்கத்துக் கடைக்காரருக்குத் தெரிந்துவிடும். இப்போது கடிதம் குறைந்துவிட்டது. போனில் செய்தி வருகிறது. அதையும் நாமே படித்தால்தானே நமக்கு மரியாதை?

அந்த விமானத்தளத்தில் அப்போது பெரிய கட்டடம் ஒன்றும் கிடையாது. ஓலை வேய்ந்த கொட்டகைதான். மழைக்காலம் வந்தால் தளம் முழுக்கச் சேறாகிவிடும். விமானங்கள் புனேக்குப் போய்விடும். கடல் இருந்த இடத்தை மேடாக்கினாலும், மழை வந்தால் தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வரும். பெரிய விமானங்களுக்காகப் பிறகு சாந்தாகுருஸில் தளம் அமைத்தார்கள். ஜூஹு தளத்திலிருந்து இப்போதும் ஹெலிகாப்டர்கள் பறக்கின்றன.

காந்தியும் உடம்பு தேற ஜூஹுவுக்கு வந்தார். 1924-ல் எரவாடா சிறையில் இருந்தபோது அவருக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்தது. விடுதலையானதும் ஜூஹுவில் தங்கினார். மோதிலால் நேரு, சி.ஆர். தாஸ் போன்ற தலைவர்கள் அங்கே வந்து அவரோடு பேசினார்கள். 1944-ல் சிறையிலிருந்து விடுதலையான பிறகு மறுபடியும் ஜூஹு வந்தார். அந்தத் தடவை 'ராம் ராஜ்ய' என்ற இந்திப் படத்தை அவருக்குப் போட்டுக் காட்டினார்கள். பார்த்தார். சினிமாவைப் பிடிக்காத அவரைப் படம் பார்க்க வைத்த ஊர் அது.

சுதந்திரத்துக்குப் பிறகு ஜூஹு வேகமாக வளர்ந்தது. வாரம் ஒரு நாள் வந்தவர்கள் நிரந்தரமாகக் குடியேறினார்கள். சினிமாக்காரர்கள் வந்தார்கள். 1960-களின் தொடக்கத்தில் 'சன் அண்ட் சாண்ட்' என்ற பெரிய ஓட்டல் கடலைப் பார்த்து எழுந்தது. அதற்குப் பின்னால் வரிசையாக ஓட்டல்கள். 1978-ல் பிருத்வி நாடக அரங்கு திறந்தார்கள். இஸ்கான் கோயிலும் அதே ஆண்டு திறந்தது. அமிதாப் பச்சன் வீட்டு வாசலில் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கூடியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சின்ன உல்லாச ஊர் பெரிய நகரத்தின் வயிற்றுக்குள் போய்விட்டது.

ஆனால் பணக்காரர்கள் மட்டும் வரவில்லை. பஸ் வந்ததும் எல்லோரும் வந்தார்கள். மில் தொழிலாளி வந்தார். புதுப் பெண்டாட்டியோடு கிளார்க் வந்தார். அவர்களுக்காக பேல்பூரி வண்டி வந்தது. பனிக்கோலா வண்டி வந்தது. பலூன்காரர் வந்தார். பிள்ளையாரைக் கரைக்கப் பல்லாயிரம் பேர் வந்தார்கள். ஜூஹுவை ஜூஹுவாக வைத்திருப்பது இந்தக் கூட்டம்தான் என்பது என் எண்ணம். ஓட்டல்கள் எல்லா ஊரிலும் இருக்கின்றன.

இனி தாராவியைப் பாருங்கள். இங்கேயும் கடல் பக்கம்தான். ஆனால் இது திறந்த கடல் இல்லை. சேற்றுக் கழிமுகம். உட்கார மணல் இல்லை. காற்று வாங்க யாரும் வரவில்லை. தோல் பதனிடும் வேலை நாறும். "ஊருக்கு வெளியே வைத்துக்கொள்" என்று நகரம் சொன்னது. அன்றைக்கு ஊருக்கு வெளியே என்றால் தாராவிதான். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தோல் ஷாப்புகள் வந்தன. அந்த வேலைக்குத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நம் பாட்டன்மார் வந்தார்கள். சௌராஷ்டிரத்திலிருந்து குயவர்கள் வந்தார்கள். கும்பார்வாடா உண்டானது. சேற்றில் குப்பை போட்டார்கள், மண் போட்டார்கள், இடிந்த கட்டடத்துக் கல் போட்டார்கள். தலையில் சுமந்து நிலத்தை மேடாக்கினார்கள். கழி தூர்ந்தது. மீன் போனது. கோலிகளின் தொழிலும் போனது.

ஜூஹுவிலும் தண்ணீரை மேடாக்கினார்கள். தாராவியிலும் தண்ணீரை மேடாக்கினார்கள். அங்கே செய்ததற்கு 'மேம்பாடு' என்று பெயர். இங்கே செய்ததற்கு 'ஆக்கிரமிப்பு' என்று பெயர். இப்போது இந்த நிலமும் விலை ஏறிவிட்டது. பக்கத்தில் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ் வந்துவிட்டது. 2004-லிருந்து தாராவியை மாற்றிக் கட்டும் திட்டம் பேசுகிறார்கள். அது பெரிய பேச்சு. இன்னொரு நாள் பேசுவோம்.

தண்ணீர் மட்டும் இரண்டு ஊருக்கும் வித்தியாசம் பார்க்கவில்லை. 2005 ஜூலை 26-ஆம் தேதியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. ஏறக்குறைய ஒரு மீட்டர்! மேலே மழை, கீழே பர்தி. கடல் ஏறியிருந்தால் மழைத் தண்ணீர் எங்கே வடியும்? மித்தி ஆறு நம் பக்கம் பொங்கியது. அங்கே ஜூஹுப் பக்கமும் தண்ணீர் புகுந்தது. பங்களாவிலும் தண்ணீர், நம் சந்திலும் தண்ணீர். அவர்கள் மாடிக்குப் போனார்கள். நமக்கு மாடி இல்லை.

இப்போது அக்காவின் கேள்விக்கு வருகிறேன். ஜூஹு கடல் யாருடையது?

ஓட்டல் கட்டடம் ஓட்டல்காரருடையது. அதன் தோட்டமும் அவருடையது. அதற்கு அப்பால் அலை ஏறி இறங்கும் மணல் இருக்கிறதே, அது தனியாருடையது இல்லை. அது அரசாங்க நிலம், பொது இடம். அங்கே நடக்க யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. டிக்கெட் இல்லை. ஓட்டல்களுக்கு நடுவே மணலுக்குப் போகச் சந்துகள் இருக்கின்றன. பெரிய வாசல் ஜூஹு சௌபாட்டிப் பக்கம் இருக்கிறது.

1991-ல் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. கடல் ஏறும் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை நினைத்தபடி கட்டக் கூடாது. மீனவர்களின் குடியிருப்பைக் கவனிக்க வேண்டும். 2011-லும் 2019-லும் அந்த விதியை மாற்றினார்கள். சில கட்டுப்பாடுகளைத் தளர்த்தினார்கள். ஒவ்வொரு தடவையும் மீனவர்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. ஜூஹு கோலிவாடா மக்களுக்குக் கடற்கரை என்பது காற்று வாங்கும் இடம் மட்டும் இல்லை. படகு நிறுத்தும் இடம். வலை உலர்த்தும் இடம். மீன் காயப்போடும் இடம். நிலத்தின் விலை ஏற ஏற அந்த இடம் சுருங்குகிறது. சாக்கடைத் தண்ணீர் கடலில் கலக்கிறது. மீனுக்காகப் படகு இன்னும் தூரம் போக வேண்டியிருக்கிறது. அவர்கள் போட்ட வலையில்தான் நம் வீட்டுப் பொம்பில் கருவாடும் வருகிறது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஜூஹு கடல் பார்க்கச் சாதுவாக இருக்கும். மழை மாதங்களில் நம்பக் கூடாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தண்ணீரில் இறங்கவே வேண்டாம். 2023 ஜூனில் தூரத்தில் ஒரு புயல் இருந்தது. அந்த நேரத்தில் ஜூஹுவில் கடலில் இறங்கிய சிறுவர்கள் சிலர் உயிரிழந்தார்கள். சிவப்புக் கொடி பறந்தால் கரையிலேயே நில்லுங்கள். உயிர் காக்கும் காவலர் விசில் ஊதினால் உடனே வெளியே வாருங்கள். பர்தி எத்தனை மணிக்கு என்று பேப்பரில் போடுகிறார்கள். மழைக்காலத்தில் எத்தனை மீட்டர் என்றும் போடுகிறார்கள். நாலரை மீட்டருக்கு மேல் என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். எண்களை வாசிக்க இப்போது நமக்குத் தெரியுமே!

இது மழை மாதம் இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை ஓஹோட்டி. நான் பார்த்துவிட்டேன். நாலு மணிக்கு மாஹிம் ஸ்டேஷன் டிக்கெட் கவுண்டர் அருகே வந்துவிடுங்கள். ஸ்லோ வண்டியில் பாந்த்ரா, கார், சாந்தாகுருஸ். மூன்றாவது ஸ்டேஷனில் இறங்க வேண்டும். ஸ்டேஷன் பெயரை எல்லோரும் வாசிக்க வேண்டும். யாரும் பக்கத்தில் கேட்கக் கூடாது. அங்கிருந்து எந்த பஸ் என்று எனக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரியும். அவர்தான் கூட்டிப்போகிறார்.

பிள்ளைகளுக்கு மாற்றுத் துணி எடுத்துக்கொள்ளுங்கள். குடிக்கத் தண்ணீர் வீட்டிலிருந்தே கொண்டுவாருங்கள். கரையில் விலை ஜாஸ்தி. பேல்பூரி மட்டும் அங்கே வாங்கிக்கொள்ளலாம்.

என்ன அக்கா, கையைத் தூக்குகிறீர்கள்? வேலை செய்கிற வீட்டம்மா அங்கே பார்த்துவிட்டால் என்ன சொல்வது என்கிறீர்களா?

"நமஸ்தே மேடம், நாங்களும் காற்று வாங்க வந்தோம்" என்று சொல்லுங்கள்.